வாத்தியத்துக்கும் ஒரு ஜாதகம்



ராமநவமி நெருங்கிவிட்டது. 1939-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் சாமராஜ்பேட்டைப் பந்தலுக்கும், நகரத்தின் மற்ற மேடைகளுக்கும் சென்னையிலிருந்து வித்வான்கள் புறப்பட்டு வரும் நேரம். காரில் வருபவர்கள் ஓசூரைத் தாண்டி அத்திபெலேயில் வரிசையில் நிற்கும்போது, எதிர்வெயிலில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வது அவர்கள் மட்டுமல்ல, பின் இருக்கையில் படுத்திருக்கும் வீணையும் தம்புராவும்தான்.

அந்த அத்திபெலேயிலிருந்து வீணை ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வீடு கர்நாடகத்தில், வகுப்பு தமிழ்நாட்டில். வாரம் முழுக்க எல்லையைக் கடக்கும் வீணைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று ஏஜெண்டைக் கூப்பிட்டாராம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா மேடம்?" மாமனார் தஞ்சாவூரில் ஆசாரியிடம் சொல்லி, ஒரே பலாக்கட்டையில் குடைந்து வாங்கிய ஏகாண்ட வீணை அது. பணம் கைமாறியது, வீணை வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். பில்லுக்கு எங்கே போவது?

நம் ஊரில் வாத்தியத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்காமல் இருப்பதற்குப் பிரீமியம் காரணமில்லை, இந்தப் பில்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல். கைத்தொழிலுக்குக் கிடைத்த பெருமை அது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் வீணை யார் செய்தது, எந்த வருஷம், இன்று என்ன பெறும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

வயதுக் கணக்கு இன்னொரு சிக்கல். டி.வி.யும் ஃபிரிட்ஜும் பழையதாக ஆக விலை இறங்கும். இன்சூரன்ஸ் சர்வேயர் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார். நாகஸ்வர ஆசாரியோ, இடித்த பழைய வீடுகளில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் போய் வாங்குகிறார். மரம் முதிர்ந்தால்தான் நாதம். இதற்குப் போய்த் தேய்மானம் கழித்தால் எப்படி? அதனால் பாலிசி எடுக்கும்போதே மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்து எழுதிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

'வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், வீட்டுக் கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேர்ந்துவிடும். தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் திருட்டு என்றால், அப்படியொரு விபத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடந்த திருட்டு மட்டுமே. சும்மா ஒரு நாள் பூட்டை உடைத்து மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அதில் வராது. ஊர் ஊராகச் சுற்றும் வாத்தியத்துக்கு 'ஆல் ரிஸ்க்' என்ற வகைப் பாலிசிதான் பொருந்தும். கச்சேரிக்குச் சன்மானம் வாங்குபவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'வீட்டு உபயோகம்' என்று எழுதிவிட்டுச் சபாவில் உடைந்தால் க்ளெய்ம் நிற்காது.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது? வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது இளகினால் மெட்டு நகரும், சுருதி கெடும், மறுபடி மெட்டுகளைப் பதித்து மேளம் கட்ட வேண்டும். இதையெல்லாம் தட்பவெப்பத்தின் வேலை என்று பொதுவாக விலக்கிவிடுவார்கள். தந்தி அறுந்தது, மிருதங்கத்தின் வலந்தலைத் தோல் தேய்ந்தது, மரத்தைப் பூச்சி அரித்தது, இவையும் அப்படியே. பின்னால் வந்த லாரி இடித்து வீணையின் தண்டி முறிந்தால், அதற்குத்தான் இன்சூரன்ஸ். பூட்டாத காரிலிருந்து திருட்டுப் போனால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

விமானத்தில் போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். உள்நாட்டுப் பயணத்தில் சாமானுக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு பயணி ஒருவருக்கு 20,000 ரூபாயோடு சரி. சேதம் என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் சொல்லி, ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகும் பெட்டி தொலைந்தால், ஊழியரின் அலட்சியத்தை நிரூபித்தால் ஒழிய ரயில்வே பொறுப்பாகாது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

பாலிசியில் எழுதும் மதிப்பு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் வயலின் கலைஞர் மின் கிம்மின் கதையைச் சொல்லலாம். 1696-ல் செய்த அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலின், 2010 நவம்பரில் யூஸ்டன் ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் திருட்டுப் போனது. சுமார் 12 லட்சம் பவுண்டு பெறும் வயலினுக்கு அவர் செய்திருந்த காப்பீடு ஏழரை லட்சம் பவுண்டு. அந்தப் பணத்தை வாங்கி வேறு வயலின் வாங்கினார். 2013-ல் போலீஸ் பழைய வயலினைக் கண்டுபிடித்துவிட்டது! பணம் கொடுத்த கம்பெனிக்கல்லவா அது இப்போது சொந்தம்? மீட்டு வாங்க அவரிடம் பணமில்லை. அந்த டிசம்பரில் வயலின் ஏலத்தில் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இங்கேயும் அதுதான் விதி. இழப்பீட்டை முழுதாக வாங்கியபின் பொருள் கிடைத்தால் அது கம்பெனிக்குத்தான். மதிப்பைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனவே, பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதுவது போல வாத்தியத்துக்கும் ஒன்று எழுதி வையுங்கள். செய்த ஆசாரி அல்லது அவர் பட்டறையில் இன்று இருப்பவர், என்ன மரம், எந்த வருஷம், இன்று இதுபோல் ஒன்று செய்ய என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். யாளி முகம், குடம், பிரடை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய கீறல், ஒட்டுப் போட்ட இடம், இவற்றைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் பத்து வீணைகளில் உங்களுடையதை அடையாளம் காட்டுவது அந்தக் கீறல்தான். ரிப்பேர் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வாத்தியப் பெட்டிக்குள் இல்லாமல் வேறெங்காவது இருக்கட்டும்.

எல்லையோரத்து வாசகர்களுக்கு மேலும் இரண்டு செய்திகள். வழியில் திருட்டுப் போய், நடந்தது ஓசூரிலா அத்திபெலேயிலா என்று தெரியாவிட்டாலும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பக்கூடாது. க்ளெய்மில் தகராறு வந்து, கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அத்திபெலேக்காரர்களுக்குப் பெங்களூர் அலுவலகம், ஓசூர்க்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

உடைந்த வாத்தியத்துக்கு இழப்பீடு வாங்கியவர்கள், கேட்டும் கிடைக்காமல் போனவர்கள், இருவருமே எங்களுக்கு எழுதுங்கள். நாலு பேருக்கு உபயோகப்படும். அடுத்த முறை மேளம் கட்டவோ வார் பிடிக்கவோ ஆசாரியிடம் போகும்போது, கையோடு ஒரு தாளும் பேனாவும் கொண்டுபோக மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்