கைபேசி அறிவும் கடைத்தெரு அறிவும்

அருள்மறையாம் திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியதாகவோ நோன்பைப் பற்றியதாகவோ இருக்கும் என்றே பலரும் எண்ணுவர். அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தவணை குறித்து வாங்கும் கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கின்றது. எழுதத் தெரிந்தவர் நேர்மையாக எழுத வேண்டும். எழுத மறுக்கக் கூடாது. ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே. அவர் சொல்ல இயலாதவராயின், அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். சாட்சிகளும் வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதற்குச் சோம்பக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எழுதுகோல் ஒருவர் கையில் இருக்கின்றது. சொல்லும் உரிமை மற்றொருவரிடம் இருக்கின்றது. எழுதத் தெரிந்தவர் என்பதற்காக அவரிடமே விவகாரம் முழுவதையும் இறைவன் ஒப்படைத்துவிடவில்லை. இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? கைபேசியை இயக்கத் தெரிந்த பிள்ளையிடம் எழுதுகோலையும் கொடுத்துச் சொல்லையும் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் ஒதுங்கி அமர்ந்துவிடுகின்றனர்.

பேட்டை என்னும் சொல்லுக்கே, ஊர்ப்புறத்தில் வணிகம் நடக்கும் இடம் என்பது பொருள். நெல்லை நகருக்கு மேற்கே உள்ள நம் பேட்டையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது, ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கின்றது. படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் இவ்வூருக்கு வேறொரு கல்வியும் உண்டு. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

பீடி சுற்றும் பெண்மணி ஒருவர் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வருவதைப் பாருங்கள். இலைக்கட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில், இதில் 1000 பீடி தேறுமா, நூறு குறையுமா என்று அவர் சொல்லிவிடுவார். குறைந்தால் தம் கைக்காசில் இலை வாங்கி ஈடுகட்ட நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஈரம் ஏறிய இலை எடையில் கூடி எண்ணிக்கையில் குறையும் என்பதும் தெரியும். 25 பீடிகள் கொண்ட கட்டுகளை அடுக்கிக் கொடுக்கும்போது, கழிவென்று எத்தனை ஒதுக்கப்படுகின்றன, பாஸ் புத்தகத்தில் எத்தனை ஏறுகின்றன என்று ஓரக்கண்ணால் கணக்கிட்டுக்கொண்டே நிற்பார். பள்ளிக்கூட வாசலை மிதியாதவராக இருக்கலாம். ஆயினும் அவரை ஏமாற்றுவது எளிதன்று.

இவ்வறிவை நம் வீடுகளில் யாரும் அறிவென்று மதிப்பதில்லை. "உம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று பிள்ளை கேட்கின்றான். உம்மாவும் அதை ஒப்புக்கொள்கின்றார்! அதுதான் வேதனை.

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. நனைந்த தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி. மோசடி செய்பவனுக்கு உரிய எச்சரிக்கையாகவே இந்நிகழ்ச்சியை நாம் வழக்கமாக எடுத்துக்கூறுகின்றோம். அவர்களது கை உள்ளே சென்றதே, அதைப் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. குவியலின் மேற்பரப்பு உலர்ந்துதான் இருந்தது. பெருமானார் அதைக் கொண்டு முடிவு செய்யவில்லை.

கைபேசித் திரை என்பது குவியலின் மேற்பரப்பு. அதில் விரைவாக விரல் ஓட்டத் தெரிந்தவன், உள்ளே இருக்கும் ஈரத்தையும் அறிந்தவன் ஆகிவிட மாட்டான்.

2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. தாய்லாந்தில் நல்ல வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் வாயிலாகவும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் வாயிலாகவும் ஆள் சேர்த்து, பெரும்பாலும் மியான்மருக்குள் எல்லை கடத்திச் சென்று அடைத்து வைக்கின்றனர் என்பதே அதன் சாரம். வலை விரிக்கப்பட்டது கல்லாத ஏழைகளுக்கு அன்று. தகவல் தொழில்நுட்பம் கற்ற இளைஞர்களுக்கு! முகமறியா மனிதர்களைக் கணினி வழியே ஏமாற்றுவதுதான் அங்கே அவர்கள்மீது சுமத்தப்பட்ட வேலை. அதே ஆண்டு அக்டோபரில் தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். கூட்டம் அத்துடன் முடியவில்லை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து 283 இந்தியர்களை விமானப்படை விமானத்தில் அழைத்து வர நேர்ந்தது.

கணினியை ஆட்டிப்படைக்கத் தெரிந்தவர்கள், வேலை தருகிறேன் என்று வந்தவன் யார் என்பதைப் பார்க்கத் தவறினார்கள். நம் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணைக் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எத்தனை தெருக்களில் விசாரிக்கின்றோம்! பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும்போது, 'துபாய் ஏஜெண்ட்' என்ற ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகின்றது. அவர் தொப்பி அணிந்து ஸலாம் சொல்லி வந்தால் கேள்வியே இல்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை நல்லவர் என்று சொன்னாராம். அவருக்கு அண்டை வீட்டுக்காரரா நீர் என்று கலீஃபா கேட்டார்கள். இல்லை. அவருடன் பயணம் செய்தது உண்டா? இல்லை. தீனார் திர்ஹம் கொடுத்து வாங்கியது உண்டா? அதுவும் இல்லை. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழக் கண்டிருப்பீர். நீர் அவரை அறியமாட்டீர் என்று சொல்லிவிட்டார்கள் என அறிவிக்கப்படுகின்றது. கடைத்தெரு அறிவு என்பது இதுவே. பிறரை ஏய்க்கும் சாமர்த்தியத்துக்கும் 'பிழைக்கத் தெரிந்தவன்' என்று பெயர் சூட்டிப் பாராட்டுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. கேட்கத் தெரிந்த உம்மாவுக்கு, பார்க்க ஓர் இடம் இருப்பது தெரியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அறிவுகளும் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மோசக்காரன் நுழையும் வாசல் அந்த இடைவெளிதான்.

அதற்காக, உலகம் பார்த்தவர் ஏமாறவே மாட்டார் என்று நினைத்துவிட வேண்டா. கடைத்தெரு அறிவுக்கு முகம் வேண்டும், தராசு வேண்டும், சரக்கைத் தொட்டுப் பார்க்கக் கை வேண்டும். கைபேசியில் இவை ஒன்றும் இல்லை. காவல்துறைச் சீருடையில் ஒருவன் திரையில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால், நாற்பது ஆண்டுகள் வணிகம் செய்த பெரியவரும் நடுங்கிப் போகின்றார். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் விளக்க வேண்டியிருந்தது. "இந்தக் கருவியெல்லாம் நமக்கெதற்கு?" என்னும் பெருமை இனியும் பெரியவர்களைக் காப்பாற்றாது.

மதீனாவில் வேற்று மொழியில் வரும் மடல்களைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் பிறரை நம்பியிருக்க வேண்டிய நிலை ஒரு காலத்தில் இருந்தது. அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு இளைஞரான ஸைது பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதி நூலில் வருகின்றது. பிறர் படித்துச் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது என்னும் எச்சரிக்கை உணர்வு, 'நாமே கற்றுக்கொள்வோம்' என்னும் முடிவைத் தந்தது. நம்மிடம் உள்ள எச்சரிக்கையோ, கருவியைத் தொடாமல் ஒதுங்கவே பயன்படுகின்றது.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகின்றேன். நம் ஜமாஅத்துகளும் சங்கங்களும் இளைஞர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துவது நல்லதே. ஆனால் அவர்கள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள். முதலில் கற்பிக்கப்பட வேண்டியவர்கள், இலைக்கட்டைத் தூக்கியே எண்ணிக்கை சொல்லும் அந்தத் தாய்மார்கள்தாம். மனிதரை எடைபோடும் ஆற்றல் வர இருபது ஆண்டுகள் ஆகும். கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்க இருபது நாள் போதும்.

அதிகமாக ஒன்றும் வேண்டா. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில், பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணை அழுத்தினால் பணம் நம் கணக்கிலிருந்து போகத்தான் செய்யும். இந்த ஒன்றை அறிந்த பெண்மணியிடம், "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் சொல்லிப் பார்க்கட்டும்! கூலி ஏறியதாக வரும் செய்தியைப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட அவருக்குக் கற்றுக்கொடுத்தால், ஒரு ரூபாய் குறைந்தாலும் விடமாட்டார். வங்கிக்கு உடனே தெரிவிப்பதும் முக்கியம்: 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, இரகசிய எண்ணைத் தாமே கொடுத்து இழந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நட்டத்தைத் தாமே சுமக்க வேண்டும். பணம் போனது தெரிந்தவுடன் அழைக்க வேண்டிய அரசு எண் 1930. அடுப்படிச் சுவரில் தொழுகை நேர அட்டவணைக்கு அருகிலேயே அதை எழுதி ஒட்டலாம்.

பீடிக் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பும் வேளையில், மதரஸாக் கட்டடத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அவரவர் கைபேசியே பாடநூல். கற்பிப்பதற்குக் கல்லூரியில் படிக்கும் பேத்திகள் இருக்கின்றனர். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போடும் பேரன்மாரையும் அந்த ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கலாம். அந்த ஏஜெண்ட் எந்த ஊர், யாருக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்தார், அவர்களில் எத்தனை பேர் பணம் அனுப்புகின்றனர் என்று பாட்டிமார் கேட்கட்டும்.