அந்த 5 லட்சம் யாருக்கு உண்டு?

சிப்காட் கம்பெனிகளில் போனஸ் போட்டதும், "பேங்கில போட்டா என்னக்கா கிடைக்கும்?" என்று ஏஜெண்டுகள் தெருவுக்குள் வந்துவிடுகிறார்கள். அதுவும் ஆண்கள் ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்து!

மாதம் 25, 30 சதவீத வட்டி என்றதை நம்பி, ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ரூ.2,438 கோடி கட்டியதாக 2022-ல் வெடித்த வழக்கில் போலீஸ் சொன்னது. இத்தனைக்கும், பைனான்ஸ் கம்பெனிகள் மூடி ஓடியதால் 1997-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தாயிற்று.

பேங்க் வட்டி குறைவுதான். வாங்கும் டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும். இன்னொரு பங்கை அரசுக் கடன் பத்திரத்தில் போட வேண்டும். அதையும் மீறி பேங்க் மூழ்கினால், அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு (2020 வரை 1 லட்சம்தான்). கூட்டுறவு வங்கிக்கும் இது பொருந்தும். ஆனால் கூட்டுறவு கடன் சங்கத்துக்குக் கிடையாது! போர்டில் 'கூட்டுறவு' என்று பார்த்ததுமே பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

இதை ரேஷன் கடை வாசலில் எழுதிப் போட்டால் என்ன? மகளிர் குழுக் கூட்டத்தில் பேங்க்காரர்கள் வந்து சொல்லலாமே! அதுவரை, வீட்டுக்கு வரும் ஏஜெண்டிடம் "டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கா தம்பி? பேப்பரைக் காட்டு" என்று கேளுங்கள். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி