கேட்டைத் திறந்து விடுங்கள்

லேட்டாக வரும் பிள்ளையைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தினால்தான் புத்தி வரும் என்று ஆசிரியர்களும் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். வடசென்னையில் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பலரும் சொல்லும் நியாயம் இது. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

நேரத்துக்கு வருவது முக்கியம்தான். கணக்கு வகுப்பில் புதுப் பாடத்தின் முதல் படி தவறினால், மீதி நேரம் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுமே தவிர, புரிந்து எழுதாது. முழுநாள் வகுப்புக்காகப் போராடிய மாநிலம் இது. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைத் தினம் மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியார் கொதித்தார். 1954-ல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அரைநாள் படிப்பு போதாது என்று அன்றே முடிவானது. அப்படி மீட்ட நேரத்தைத்தான் இன்று பூட்டிய கேட் பறிக்கிறது.

யார் லேட்டாக வருகிறார்கள் என்று பாருங்கள். காசிமேட்டில் மீன் எடுக்க விடியுமுன்னே அம்மா கிளம்பிவிட்டால், தம்பியைக் குளிப்பாட்டிக் கூட்டி வருவது அக்காவின் பொறுப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நின்றால், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நகராது. இவற்றுக்கு எட்டு வயதுப் பிள்ளையா பொறுப்பு?

2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வகுப்புக்கு முன் பரிமாறப்படும் அந்தச் சாப்பாட்டையும் கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளை இழக்கிறது. அவமானம் தாங்காமல் வீடு திரும்பினால், பத்து நிமிடத் தாமதம் முழுநாள் ஆப்சென்ட் ஆகிறது. திரும்பும் வழியோ லாரிகள் ஓடும் சாலை.

"கண்டிக்காவிட்டால் எல்லாரும் லேட்டாக வருவார்களே?" என்பார்கள். கண்டியுங்கள், ஆனால் வகுப்பில் உட்காரவைத்த பிறகு. மாணவரை மனத்தளவில் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. அடிக்கடி லேட்டானால் வீட்டில் விசாரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். பள்ளி தொடங்கும் நேரத்தில் லாரிகளை நிறுத்திவைக்கும்படி அதிகாரிகளிடம் அந்தக் குழுவே கேட்கட்டும். தவறிய பாடத்தை மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுங்கள். பாடத்தை இழந்தால் நஷ்டம் என்று புரிந்த பிள்ளை தானாகவே சீக்கிரம் கிளம்பும். அதைப் புரியவைக்க முதலில் உள்ளே விட வேண்டும்.