இரக்கம் வேண்டா, வாய்ப்பு வேண்டும்

மாற்றுத்திறனாளி ஒருவர் விளையாட்டில் வென்றால், பலரும் முதலில் அவரது உடற்குறையைக் கூறி வியக்கின்றனர். அதன் பின்னரே அவரது ஆற்றலைப் பேசுகின்றனர். இவ்வழக்கம் முறையானதா என்பதை வில்வித்தை வீராங்கனை ஷீத்தல் தேவியின் வாழ்வைக் கொண்டு ஆராயலாம்.

ஜம்மு காஷ்மீரின் கிஷ்துவார் மாவட்டத்து மலைச்சிற்றூர் ஒன்றில் 2007ஆம் ஆண்டு பிறந்தவர் ஷீத்தல். ஃபோகோமீலியா என்னும் அரிய பிறவிக் குறைபாட்டால் அவருக்கு இரு கைகளும் அமையவில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்து, வலக்காலால் வில்லை உயர்த்திப் பிடித்து, தோள் வலிமையால் நாணை இழுத்து, தாடையின் உதவியால் அம்பை எய்கிறார். இலக்கோ 50 மீட்டர் தொலைவில் உள்ளது.

இலக்குப் பலகை எவருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில், தனிநபர் பிரிவில் 137-138 என ஒரே புள்ளியில் ஷீத்தல் தோற்றார். அதே பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து, 156-155 என ஒரே புள்ளியில் இத்தாலி இணையை வென்று வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17. மறு ஆண்டு தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் நடந்த உலகப் போட்டியில், பாரிசில் தங்கம் வென்ற துருக்கி வீராங்கனையை 146-143 என வீழ்த்தித் தங்கம் வென்றார். இவ்வெற்றிகளைப் புள்ளிகளே தந்தன, பரிவு தரவில்லை.

'மனவுறுதி இருந்தால் எதையும் வெல்லலாம்' என்பர் சிலர். அது பாதி உண்மையே. 2021இல் கிஷ்துவாரில் நடந்த இளைஞர் விளையாட்டு நிகழ்வில் இந்திய இராணுவத்தினர் ஷீத்தலின் திறனைக் கண்டறிந்தனர். கட்ராவில் உள்ள பயிற்சிக்கூடம் அவரை ஏற்றது. பயிற்சியாளர்கள் அவரது உடலமைப்புக்கேற்ற முறையை வகுத்தனர். கையின்றிப் பிறந்த அமெரிக்க வீரர் மேட் ஸ்டட்ஸ்மன், 2012 லண்டன் பாராலிம்பிக்கிலேயே காலால் வில்லேந்தி வெள்ளி வென்று வழிகாட்டியிருந்தார். இவை வாய்க்காவிடில் ஷீத்தலின் மனவுறுதி அவரது ஊர் எல்லையைக் கடந்திருக்குமா? மனவுறுதியை மட்டும் புகழ்வது, வாய்ப்பளிக்க வேண்டியோரின் கடமையை மறைத்துவிடும். வாய்ப்பின்றி நின்றோரை உறுதியற்றோர் எனப் பழிக்கவும் செய்யும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிற மாணவர்க்கு நிகரான விளையாட்டு வாய்ப்பை அவர்களுக்கும் கல்வி நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்கிறது. எனவே, விளையாட்டு வேளையில் அத்தகைய குழந்தையை மரநிழலில் அமர்த்தி, பிறர் பைகளைக் காக்கச் செய்வது பரிவு ஆகாது. அக்குழந்தை எதை விளையாட விரும்புகிறது எனக் கேட்டறிந்து, அதற்குரிய இடமும் கருவியும் பயிற்சியும் அளிப்பதே பள்ளியின் கடமையாகும்.