வெறும் குதிரைக்காரன்

"அவன் வெறும் குதிரைக்காரன் ஐயா!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார் நண்பர். கூண்டில் நின்றவர் ஆல்பிரெக்ட் ஆடம் என்ற ஜெர்மானிய யுத்த ஓவியர். நண்பர் சித்திரக் கலை பற்றிக் கட்டுரைகள் எழுதுகிறவர். ஜெர்மன் மொழியும் அறிந்தவர். அவர் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள். அதனால்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆடம் 1786-ல் நோர்ட்லிங்கன் என்ற சிறு ஊரில் மிட்டாய்க் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நியூரம்பெர்க்குக்குப் போய்த் தாமும் அந்தத் தொழிலையே பழகினார். நண்பருக்கு இது ஒரு பெரிய அகப்பாடு. "பாகு காய்ச்சிய கை அல்லவா? யுத்தத்தையும் பாகில் போட்டு எடுத்துவிட்டான்!" என்கிறார். சொல் அழகாக இருக்கிறது. சொல் அழகாக இருந்துவிட்டால் விமரிசகர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. 1809-ல் பவேரியச் சேனையோடு ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போனார் ஆடம். அங்கே வியன்னாவில் நெப்போலியனின் வளர்ப்பு மகனும் இத்தாலியின் ராஜப்பிரதிநிதியுமான யூஜீன் அவரைத் தம் ஆஸ்தான ஓவியராக்கிக் கொண்டார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1848-ல், அதே ஆடம் அறுபத்திரண்டு வயதில் ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கியின் பாசறைக்குப் போய், கஸ்டோஸாவையும் நொவாராவையும் வரைந்தார். நேற்று எந்தக் கொடியை எதிர்த்துக் கிளம்பினாரோ, இன்று அதன் நிழலிலேயே பலகை விரித்து உட்கார்ந்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை. கூலி கொடுத்தவனுக்கு வரைந்தார். தீபாவளி மலருக்கு இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் என்று கேட்டால் எழுதிக் கொடுக்கிற நான் அவர் மீது கல்லெறிய மாட்டேன். கட்டுரைக்குச் சன்மானம் வாங்குகிற நண்பரும் எறிய வேண்டாம். யார் கூலி கொடுத்தார் என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். அந்தக் கூலிக்கு அவர் எதைக் கண்டார், எதைக் காட்டினார் என்று கேளுங்கள்.

அதற்கு 1812-க்குப் போக வேண்டும். யூஜீனின் படையோடு ஆடமும் ருஷ்யாவுக்குப் போனார். நெப்போலியன் நீமன் நதியைக் கடந்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கூட்டிப் போனான் என்கிறார்கள். சரித்திர நாவல்களில் குதிரைக்குப் பசிப்பதே இல்லை. ராஜகுமாரன் ஏறினால் பறக்கும், இறங்கினால் கனைக்கும். ருஷ்யாவில் அப்படி நடக்கவில்லை. கொள் இல்லை, பழுக்காத பச்சைப் பயிரைத் தின்றன. வில்னா போகும் வழியில் ஒரு கோடைப் புயலும் குளிர்ந்த மழையும் அடித்துப் போட்டதில் சில நாளிலேயே பத்தாயிரம் செத்தன என்று கூடப் போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய சண்டைகூட அப்போது நடக்கவில்லை. ஸ்மோலென்ஸ்க் எரிந்தது ஆகஸ்டில். போரோடினோ செப்டம்பர் 7-ந் தேதி. அந்தச் சேனை தோற்கப் போகிறது என்பதை தளபதிகளுக்கு முன்பே குதிரைகளின் விலா எலும்புகள் சொல்லிவிட்டன.

இதைப் பார்க்கக் குதிரையைத் தெரிந்த கண் வேண்டும். எண்பதுக்கும் மேற்பட்ட சிறு சித்திரங்களை யூஜீனுக்காகக் காகிதத்தில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார் ஆடம். பின்னால் அந்த யாத்திரையை மியூனிச்சில் கல்லச்சில் ஓர் ஆல்பமாகவே வெளியிட்டார். கல்லச்சு பிறந்த ஊரே அதுதான். பாசறை, புழுதி, பாதை, களைத்துத் தலை தொங்கிய மிருகங்கள்! தளபதியின் முகம் காசு கொடுத்தவருக்கு. அதைக் கொஞ்சம் சீவிச் சிங்காரித்தே தீர வேண்டும். குதிரையின் முகத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அது உள்ளபடி இருக்கலாம். நண்பர் இகழ்ச்சியாகச் சொன்ன "வெறும் குதிரைக்காரன்" என்ற பட்டம்தான் ஆடமை பொய்யிலிருந்து காப்பாற்றியது என்கிறேன் நான்.

ஆனால் எனக்கும் அவர் மேல் கோபம் உண்டு. அது பிற்காலத்து ராஜாக்களுக்காகத் தீட்டிய பெரிய திரைகளைப் பற்றியது. புகை அளவாக எழும். குதிரை அழகாகக் கால் தூக்கும். செத்தவன் ஓரத்தில் மரியாதையாக ஒதுங்கிக் கிடப்பான். அந்தக் காலத்து மியூனிச் அதைத்தான் கேட்டது. ருஷ்யாவில் மாண்ட முப்பதாயிரம் பவேரியர்களுக்காக மன்னர் முதலாம் லுட்விக் 1833-ல் கரோலினன் சதுக்கத்தில் ஒரு பெரிய தூணை நாட்டினார். அவர்களும் தாய்நாட்டின் விடுதலைக்காகவே உயிர் நீத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது! யாருடைய விடுதலை? நெப்போலியன் இழுத்துக் கொண்டு போனான், போனார்கள், பனியில் செத்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் அந்தத் தூணின் அடியில் நின்று அந்த வரியைப் படித்தபோது என்ன நினைத்திருப்பாள்? பாகில் போட்டு எடுத்தது யார் என்று நண்பர் இங்கே வந்து கேட்கட்டும். மிட்டாய்க் கடைக்காரர் மகனை மட்டும் ஏன் பிடித்துக் கொள்கிறார்?

"அப்படியானால் ஃபாபர் டு ஃபோர்?" என்று அவர் மடக்குவார். தெரியும். வூர்ட்டம்பெர்க் பீரங்கிப் படை அதிகாரி. அதே யுத்தத்தில் போகும்போதும் வரைந்தார், திரும்பும்போதும் வரைந்தார். அணைந்த நெருப்பைச் சுற்றி விறைத்துக் கிடக்கும் சிப்பாய்களை அவர் காட்டியதுபோல் ஆடம் காட்டவில்லை. ஒப்புக் கொள்கிறேன். ஆடமின் ஆல்பத்தின் தலைப்பே 'மாஸ்கோ வரையில்' என்று நின்றுவிடுகிறது. பின்வாங்கல் தொடங்கு முன்பே அவர் மாஸ்கோவை விட்டுக் கிளம்பிவிட்டார். கூடப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தக் குதிரைகளைப் பசித்தவர்கள் வழியில் அறுத்துத் தின்றார்கள்.

தப்பி வந்தது குற்றமா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பாதி வழி கண்டவர் பாதியைச் சொன்னார். தலைப்பிலேயே எல்லை குறித்துவிட்டுச் சொன்னார். ஆனால் அத்தனையும் பார்த்த மனிதர், அறுபத்திரண்டு வயதில் ராடெட்ஸ்கியின் பீரங்கிச் சத்தம் கேட்டு மறுபடி ஏன் கிளம்பினார்? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. நண்பர் இதைக் கேட்கவே இல்லை.

ஆடம் 1862-ல் மியூனிச்சில் காலமானார். அவருடைய சுயசரிதை 1886-ல்தான் அச்சேறியது. யுத்த ஓவியன் ஒருவனின் வாழ்க்கையிலிருந்து என்று அதற்குப் பெயர். நண்பருக்கு ஜெர்மன் தெரியும். சாக்குச் சொல்ல வழியில்லை. அடுத்த கட்டுரைக்கு முன் அதைப் படித்துவிடட்டும்.