முதுமைக்கும் விளையாட்டு வேண்டும்

விளையாட்டு இளமைக்கே உரியது என்பது பலருடைய எண்ணம். தலை நரைத்தவர் விளையாட விரும்பினால், ‘இந்த வயதில் இஃது எதற்கு?’ என்று நகைப்பாரும் உளர். இவ்வெண்ணம் பிழையானது, தீங்கும் விளைப்பது.

முதியோரை வாட்டும் இடர்களுள் பெரியது கீழே விழுதலாகும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கூறியது. அவருள் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தவரே. ஒருமுறை விழுந்தவர், மீண்டும் விழுவோமோ என்று அஞ்சி நடையைக் குறைக்கின்றார். நடை குறையத் தசை மெலிகின்றது. தசை மெலிய, விழும் வாய்ப்பு மிகுகின்றது. ஆகவே, ‘பேசாமல் ஓரிடத்தில் அமர்ந்திருங்கள்’ என்று அன்பினால் கூறும் சொல்லும் முதியோர்க்குப் பகையாகிவிடுகின்றது.

நடப்பதற்குக் கால் மட்டும் போதாது, கருத்தும் வேண்டும். எதிரே இருப்பதைக் காணுதலும், காலை எங்கே வைப்பது என்று முடிவு செய்தலும் மூளையின் பணிகள். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு அறிஞர் ஒரு பயிற்சியை அமைத்தனர். முதியவர் ‘டிரெட்மில்’ என்னும் நடைப்பொறியின்மேல் நடப்பார். அவருடைய பாதங்களின் அசைவை ஒரு கருவி படம் பிடித்து, எதிரேயுள்ள திரையில் காட்டும். அத்திரையில் பாதையும் தடைகளும் தோன்றும். அவற்றைக் கடக்குமாறு அவர் அடி வைத்தல் வேண்டும். தவறினால் இடறுவது திரையிலுள்ள பாதமே.

ஐந்து நாடுகளைச் சேர்ந்த 302 முதியோரிடம் இம்முறை ஆராயப்பெற்றது. அதன் முடிவு 2016ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு சாரார் பொறியில் நடக்க மட்டும் செய்தனர். மற்றொரு சாரார் திரை விளையாட்டோடு நடந்தனர். இரு சாராரும் வாரம் மூன்று முறையாக ஆறு வாரம் பயின்றனர். அடுத்த ஆறு திங்களில், விளையாடி நடந்தவர் மற்றவரினும் குறைவாகவே விழுந்தனர். கால்களுக்குக் கிடைத்த பயிற்சி இரு சாரார்க்கும் ஒன்றே. கருத்துக்குக் கிடைத்த பயிற்சியே வேறு.

ஆயினும், இத்தகைய கருவிகளை விற்போர் கூறும் மிகையுரைகளை நம்புதல் ஆகாது. மூளைக்கான கணினி விளையாட்டுகள் முதுமையின் அறிவுத் தளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2014ஆம் ஆண்டில் அறிஞர் பலர் கூடி அறிக்கை வெளியிட்டனர். உட்கார்ந்த இடத்திலேயே பொத்தானை அழுத்துவது வேறு. உடலும் உள்ளமும் ஒருங்கே உழைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

முதியவரைத் திரையின்முன் தனியே நிறுத்திவிட்டு அகல்வதும் தொண்டு ஆகாது. அவருடைய உடல்நிலையை அறிந்த மருத்துவரின் அறிவுரை வேண்டும். தள்ளாடினால் தாங்கும் கை வேண்டும். வென்றால் மகிழும் உள்ளமும் வேண்டும். பொறியால் இவற்றைத் தர இயலாது. வீட்டிலுள்ள இளைஞரே தருதல் கூடும். தாம் விளையாடும் நேரத்தில் ஒரு பகுதியைப் பாட்டனுக்கும் பாட்டிக்கும் ஒதுக்கி, அவர் அடிக்கு ஏற்பத் தம் விரைவைக் குறைத்துக்கொள்வாராயின், முதியோரின் காலும் வலுப்பெறும், தனிமையும் நீங்கும்.