பெயிண்ட் அடித்து நிறுத்தினால் அது பாதுகாப்பு ஆகிவிடுமா?



குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் கேட்டிருந்தான்: "பெரியப்பா, மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் இன்னும் எதற்கு நீராவி எஞ்சின்? வேறு எஞ்சின் போட்டுவிட்டு, பழையதை ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்தினால் போதாதா?" நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போதாது. மேடையில் ஏற்றிய எஞ்சின் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். பாய்லருக்குள் துரு ஏறும். பித்தளைச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். வெளியே கறுப்புப் பெயிண்ட் மட்டும் பளபளக்கும். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கலாம், அவ்வளவுதான்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு 4 சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டுதான் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டும் வெளியே விடுகிற நீராவி மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை! வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே மலையேறும். நின்றுபோன எஞ்சினில் இதை எந்தப் பிள்ளைக்குக் காட்டுவாய்? (இதை நாரோ கேஜ் என்று எழுதாதீர்கள். இது 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். டார்ஜிலிங் ரயில்தான் நாரோ கேஜ், 610 மில்லிமீட்டர்.)

இன்னொரு கட்சியும் இருக்கிறது. நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சினைப் புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பினார்களே, அதைப் "போலி" என்கிறார்கள். எனக்கு இவர்கள் மேல்தான் அதிகக் கோபம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அதற்காக அதைப் போலித் தேர் என்றா சொல்கிறோம்? வடம் பிடிக்கத்தானே போகிறோம்?

செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. டிக்கெட் காசில் அது கட்டாது. ஆனால் 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கைதட்டியவர்கள் நாம்தானே? கைதட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்தால் எப்படி?

வேலை தெரிந்த ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாய்லர் குழாயின் முனையை எவ்வளவு விரித்தால் கசியாது, எதற்கு மேல் விரித்தால் கீறல் விடும் என்பதை வரைபடம் மட்டும் பார்த்துச் செய்துவிட முடியாது. பக்கத்தில் நின்று கையால் பழக வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் அந்த வேலை வரும். ஓட்டத்தை நிறுத்தினால், தெரிந்தவர் ஓய்வு பெறும் நாளோடு அதுவும் முடிந்தது. பிறகு ஒரு நாள் ஆசைப்பட்டு மறுபடி ஓட்டலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

என்னிடம் படித்தவர்கள் சிலர் பொன்மலையில் இருக்கிறீர்கள். அப்ரெண்டிஸ் பிள்ளைகளுக்கு இப்போது பாய்லர் வேலை எத்தனை மாதம் சொல்லித் தருகிறார்கள்? கீழே எழுதுங்கள். தம்பி மகனே, நீயும் படி.